விடுமுறைப் புள்ளிகளும் மேல்படி ஆசையும்

ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது எளிதான காரியமன்று. ஆயினும், வாங்கிவிட்ட பொருளின் பொருட்டு மேலும் பணம் போடலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது அதனினும் கடினமானது. முன்னதில் நமது புத்தி சுயேச்சையாக வேலை செய்கிறது. பின்னதிலோ, ஏற்கெனவே கைவிட்டுப் போன பணம் அதைப் பின்னின்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் டைம் ஷேர் என்று வழங்கும் விடுமுறைப் பங்குத் திட்டங்களில் சேர்ந்திருக்கும் லக்ஷக்கணக்கான குடும்பங்களுக்கு அடிக்கடி எதிர்ப்படும் பிரச்னை இதுவே. “நீங்கள் இப்பொழுது கீழ்ப்படியில் இருக்கிறீர்கள், இன்னும் இத்தனை ஆயிரம் டாலர் கொடுத்து மேல்படிக்கு வந்துவிடுங்கள்” என்று கம்பெனியின் ஏஜெண்டு வற்புறுத்துகிறார். ஏறுவதா, நின்ற இடத்திலேயே நிற்பதா? இதில் தவறினால் போவது ஒரு விடுமுறையின் செலவு மட்டுமன்று. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளின் ஆயுட்காலச் சேமிப்பே கரைந்துவிடக்கூடும். ஆகையால் இதைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகும்.

வாரம் புள்ளியான கதை

டைம் ஷேர் என்பதன் ஆதி வடிவம் மிகவும் எளியது. கடற்கரையிலோ மலைவாசஸ்தலத்திலோ ஒரு வீட்டை ஒருவரே வாங்குவதற்குப் பதிலாக, சுமார் ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து, வருஷத்தில் ஆளுக்கொரு வாரமாகப் பங்கிட்டுக்கொள்வதே அது. ஐரோப்பாவில் இவ்வியாபாரம் 1960-களில் தலையெடுத்தது; ஸ்விட்ஸர்லாந்தில் ஹாபிமாக் என்னும் ஸ்தாபனம் 1963-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அமெரிக்காவில் 1974-ல் ஆர்.ஸி.ஐ. என்ற ஸ்தாபனம் தோன்றி, ஓர் ஊரில் வாரம் வைத்திருப்பவர் அதை வேறோர் ஊரிலுள்ள வாரத்துடன் மாற்றிக்கொள்ள வழி செய்தது. மாரியட் கம்பெனி 1984-ல் இத்துறையில் இறங்கியது. டிஸ்னி கம்பெனி 1991-ல் ஆரம்பித்த தனது விடுமுறைக் கிளப்பில், வாரக் கணக்கை விட்டுவிட்டு முதலிலிருந்தே புள்ளிக் கணக்கைக் கையாண்டது. மாரியட்டும் 2010-ல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது.

புள்ளி என்பது யாது? வருஷந்தோறும் அங்கத்தினரின் கணக்கில் வரவு வைக்கப்படும் ஒருவகைத் தனி நாணயம் என்று அதைச் சொல்லலாம். அந்தந்தக் கிளப்பின் விடுதிகளிலும், கிளப் ஏற்பாடு செய்துள்ள பிற இடங்களிலும் மட்டுமே அது செல்லும். பள்ளி விடுமுறைக் காலத்தில் பெரிய அறைக்கு அதிகப் புள்ளிகள் செலவாகும். கூட்டமில்லாத பருவத்தில் சிறிய அறைக்குக் குறைந்த புள்ளிகளே போதும். மூன்று நாள் தங்கலாம். பத்து நாளும் தங்கலாம். இந்த வசதி மெய்யானதே, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாரம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்குமேல் அதற்கு விற்க முடியாது. புள்ளிக்கோ எல்லையே கிடையாது. எவ்வளவு வைத்திருப்பவரிடமும், “இது போதாது” என்று சொல்ல முடியும். எனவே, புதிய அங்கத்தினர்களைத் தேடி அலைவதைவிட, உள்ள அங்கத்தினர்களுக்கே திரும்பத் திரும்ப விற்பது கம்பெனிக்கு லாபகரமாகிறது. படிகள் ஏற்பட்டதும் இதனாலேயே. மாரியட்டில் ஸெலக்ட், எக்ஸிக்யூடிவ், பிரஸிடென்ஷியல், சேர்மன்ஸ் கிளப் என்று அவற்றுக்குப் பெயர். வேறு கம்பெனிகளில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம். படி உயர உயர, அறைகளை முன்கூட்டியே பதிவு செய்யும் உரிமை, கடைசி நேரப் பதிவுகளில் புள்ளித் தள்ளுபடி, பெரிய அறை கிடைக்கும் வாய்ப்பு முதலிய சலுகைகள் கிட்டும் என்று சொல்லப்படுகிறது.

கூட்டத்தில் பேசப்படுவது

விடுதிக்கு விடுமுறையைக் கழிக்க வந்த அங்கத்தினரை, காலைச் சிற்றுண்டியும் ஒரு பரிசும் தருவதாகச் சொல்லி, “புதிய மாறுதல்களைத் தெரிவிக்கும் கூட்டம்” ஒன்றுக்கு அழைப்பார்கள். ஒன்றரை மணி நேரம் என்று சொல்லப்பட்டது பல மணி நேரம் நீள்வது சகஜம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? முதலில் ஒருவர், பிறகு அவருக்கு மேலதிகாரி, பிறகு இன்னொருவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அங்கு பேசப்படும் வாதங்கள் பெரும்பாலும் நான்கேயாகும்.

“உங்கள் பழைய புள்ளிகளுக்கு இனி மதிப்பில்லை, மேல்படிக்கு வந்தால்தான் அவை உருப்படும்” என்பது முதல் வாதம். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பின்வாங்கலாமா என்பதே இதன் உட்பொருள். ஆனால் யானைக்குக் கொடுத்த பணம் அங்குசம் வாங்கினாலும் திரும்பாது, வாங்காவிட்டாலும் திரும்பாது. முன்பு 20,000 டாலர் கொடுத்தோம் என்பது இன்று 24,000 டாலர் கொடுப்பதற்குக் காரணமாகாது. இன்று கொடுக்கப்போகும் பணத்துக்கு நாளை முதல் என்ன வரும் என்பது ஒன்றே கேள்வி. தவிரவும், முன்பு அதே கம்பெனி விற்ற புள்ளிகள் இன்று மதிப்பிழந்தன என்பது உண்மையானால், இன்று விற்கும் புள்ளிகள் நாளை மதிப்பிழக்கமாட்டா என்பதற்கு என்ன உத்தரவாதம்?

“மேல்படியில் வருஷப் பராமரிப்புக் கட்டணம் குறையும்” என்பது இரண்டாவது. கட்டணம் புள்ளிகளின் எண்ணிக்கையை ஒட்டி விதிக்கப்படுவது பெரும்பாலான கிளப்புகளின் வழக்கம். புள்ளி கூடினால் கட்டணமும் கூடும். “மிகுந்த புள்ளிகளை வாடகைக்கு விட்டுக் கட்டணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம்” என்பது மூன்றாவது. அவ்வளவு எளிதில் லாபம் கிடைக்குமானால் கம்பெனியே அதைச் செய்துகொள்ளாதா? மேலும், வியாபார நோக்கத்துடன் வாடகைக்கு விடுவதைப் பல கிளப்புகளின் விதிகள் தடுக்கின்றன. “இந்த விலை இன்று மட்டுமே” என்பது நான்காவது. நாளை யோசித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்ற அச்சமே இவ்வாதத்தின் மூலம்.

விற்பனையாளர் அனைவரும் பொய்யர்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும், நேர்ந்திருக்கும் சம்பவங்களைப் புறக்கணிப்பதும் புத்திசாலித்தனமாகாது. விண்டாம் டைம் ஷேர் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, முதியோர்களான அங்கத்தினர்கள் ஏமாற்றப்படுவதை மேலதிகாரிகளுக்குத் தெரிவித்ததற்காகத் தம்மை நீக்கிவிட்டதாக வழக்குத் தொடர்ந்தார். 2016 நவம்பரில் ஸான் பிரான்ஸிஸ்கோ ஜூரிகள் அவருக்குச் சுமார் 2 கோடி டாலர் கொடுக்கவேண்டுமென்று தீர்ப்பளித்தனர். அதே வருஷம் டிஸம்பரில், டயமண்ட் ரிஸார்ட்ஸ் கம்பெனியின் விற்பனை முறைகள் பற்றி வந்த புகார்களின் பேரில், 8 லக்ஷம் டாலர் செலுத்த அக்கம்பெனி அரிஸோனா ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலுடன் உடன்பாடு செய்துகொண்டது.

ஒரு கணக்கு

பேச்சை விட்டுக் கணக்குக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் எந்தக் கம்பெனியின் விலையுமல்ல. கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தமக்குக் கூறப்பட்ட தொகைகளை இவற்றின் இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

ஓர் அங்கத்தினரிடம் 4,000 புள்ளிகள் இருக்கின்றன. மேல்படிக்கு 7,000 தேவை. மீதி 3,000 புள்ளிகளுக்கு விலை 24,000 டாலர். அவற்றுக்கு வருஷப் பராமரிப்புக் கட்டணம் 2,000 டாலர். 3,000 புள்ளிகளால் ஒரு நல்ல அறையில் ஒரு வாரம் தங்கலாம் என்று கொள்வோம்.

பணத்தை ரொக்கமாகவே கொடுத்தாலும் அது இனாமாக வந்த பணமன்று. 100-க்கு 4 வீதம் வேறிடத்தில் போட்டிருந்தால் வருஷத்துக்கு 960 டாலர் வந்திருக்கும். இருபது வருஷங்களுக்குப் பிறகு அப்புள்ளிகளை 4,000 டாலருக்கு விற்க முடியும் என்று தாராளமாகவே மதித்தாலும், மீதி 20,000 டாலர் தேய்ந்துபோகிறது. வருஷத்துக்கு 1,000 டாலர். கட்டணம் 2,000 டாலர். ஆக, அந்த ஒரு வாரத்துக்கு அவர் செலவிடுவது 3,960 டாலர். ஓர் இரவுக்குச் சுமார் 566 டாலர். அதே அறையை, தமது புள்ளிகளைப் பயன்படுத்த முடியாத வேறோர் அங்கத்தினரிடமிருந்து வாரத்துக்கு 2,400 டாலர் வாடகைக்குப் பெற முடியுமானால், மேல்படி ஏறியவருக்கு வருஷந்தோறும் 1,560 டாலர் நஷ்டம்.

இவை முதல் வருஷத்துக் கட்டணத்தை வைத்துப் போட்ட கணக்கு. கட்டணம் ஆண்டுக்கு 100-க்கு 5 வீதம் ஏறினால், பதினைந்து வருஷங்களில் அது 4,000 டாலரைத் தாண்டிவிடும். வெளி வாடகையும் ஏறும் என்பது உண்மையே. ஆனால் வாடகை ஏறினால் அந்த வருஷம் வீட்டிலேயே இருந்துவிடலாம். கட்டணம் ஏறினால் அவ்வாறு இருக்க முடியாது. போனாலும் போகாவிட்டாலும் அதைக் கட்டியே தீரவேண்டும்.

கம்பெனியே கடன் கொடுக்குமானால் விஷயம் இன்னும் மோசமாகிறது. இத்தகைய கடன்களுக்கு வட்டி 100-க்கு 12-க்கு மேற்போவது சாதாரணம். 24,000 டாலரை 14 வீத வட்டிக்குப் பத்து வருஷக் கிஸ்தியாக வாங்கினால், மாதம் சுமார் 373 டாலர் கட்டவேண்டும். மொத்தம் சுமார் 44,700 டாலர். வட்டி மட்டுமே 20,700 டாலர். விடுமுறைக்காக இவ்வட்டிக்குக் கடன் வாங்க நேருமானால், மற்றக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை; வேண்டாம் என்பதே விடை.

எவருக்கு லாபம்?

அப்படியானால் மேல்படி எவருக்குமே உபயோகமற்றதா? இல்லை. கிளப்பின் விதிகளில், கடைசி இரண்டு மாதங்களுக்குள் செய்யும் பதிவுகளுக்கு மேல்படியாருக்கு 100-க்கு 30 வீதம் புள்ளித் தள்ளுபடி உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற தம்பதிகள், விடுதிகளுக்கு மோட்டாரில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் வசிக்கிறார்கள். எந்த மாதமும் அவர்களுக்குச் சம்மதமே. அவர்கள் எல்லாப் பதிவுகளையும் தள்ளுபடியிலேயே செய்தால், 7,000 புள்ளிகள் 10,000 புள்ளிகளின் வேலையைச் செய்யும். முன்பு 4,000 இருந்த இடத்தில் இப்போது 10,000. அதாவது ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரங்கள் அதிகம். 3,960 டாலரை இரண்டால் வகுத்தால் வாரத்துக்கு 1,980 டாலர். 2,400 டாலர் வாடகையைவிட 420 டாலர் மலிவு.

பள்ளியில் படிக்கும் குழந்தைகளுள்ள குடும்பத்துக்கோ இத்தள்ளுபடியால் சல்லிக்காசுப் பிரயோஜனமில்லை. கோடை விடுமுறை அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். கடைசி இரண்டு மாதங்களில் எஞ்சுவது அவர்கள் போகமுடியாத நாட்களே. ஒரே விலை, ஒரே சலுகை. ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நஷ்டம். ஆகவே, மேல்படியில் என்னென்ன கிடைக்கும் என்று கேட்பது போதாது. சென்ற மூன்று வருஷங்களில் எந்தெந்த மாதங்களில், எத்தனை இரவுகள், எத்தனை நாள் முன்னதாகப் பதிவு செய்து தங்கினோம் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்தக் காகிதம் ஏஜெண்டைவிட நேர்மையாகப் பேசும்.

லாபமடையும் தம்பதிகளும் இரண்டு விஷயங்களைக் கவனித்தாக வேண்டும். கூட்டமில்லாத காலத்தில் வெளி வாடகையும் இறங்கும். 2,400 டாலர் வாரம் 1,800-க்குக் கிடைத்தால் அவர்களுடைய லாபமும் மறைந்துவிடும். இரண்டாவதாக, புள்ளிகள் உடன்படிக்கையில் எழுதப்பட்ட பாத்தியம். தள்ளுபடியோ பெரும்பாலும் கிளப்பின் விதிகளில் அடங்கிய சலுகை. விதிகளை மாற்றும் அதிகாரத்தைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கம்பெனிகளே கைமாறுவதும் உண்டு. டயமண்ட் ரிஸார்ட்ஸை 2021-ல் ஹில்டன் கிராண்ட் வெகேஷன்ஸ் வாங்கியது. அடுத்த வருஷமே இரு தரப்பு விடுதிகளையும் இணைக்கும் மாக்ஸ் என்ற புதிய படி ஒன்று விற்பனைக்கு வந்தது. மாறக்கூடிய சலுகையை நம்பி, மாறாத கடமையை ஏற்கிறோம் என்ற நினைவு வேண்டும்.

படியின் மெய்யான விலை

கம்பெனி விற்கும் புள்ளிகளைப் பழைய அங்கத்தினர்களிடமிருந்து மறுவிற்பனையில் மிகக் குறைந்த விலைக்குப் பெற முடியும். சில கிளப்புகளின் பங்குகளைப் பெயரளவுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு தள்ளிவிட முன்வருவோரும் உண்டு. டிஸ்னியின் புள்ளிகளைப் போல மறுவிற்பனையில் ஓரளவு மதிப்பைக் காப்பாற்றுபவையும் இருக்கின்றன. ஆனால், மறுவிற்பனையில் வாங்கிய புள்ளிகளைப் பல கம்பெனிகள் படிக்கணக்கில் சேர்ப்பதில்லை. டிஸ்னியோ, 2019 ஜனவரி 19 முதல், மறுவிற்பனையில் வாங்கப்படும் பழைய பதினான்கு விடுதிகளின் புள்ளிகளை ரிவியேரா முதலிய புதிய விடுதிகளில் செலவிட முடியாதென்று விதித்தது.

இதிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகிறது. கம்பெனியிடம் 24,000 டாலருக்கு விற்பதும் வெளியில் 4,000 டாலருக்குக் கிடைப்பதும் ஒரே எண்ணிக்கையுள்ள புள்ளிகள் என்றால், தங்கும் உரிமையின் விலை 4,000 டாலரே. மீதி 20,000 டாலர் படிக்கும் சலுகைக்குமான விலை. இவ்வாறு பிரித்துப் பார்த்து, இந்தச் சலுகைகளை மட்டும் தனியாக 20,000 டாலருக்கு விற்றால் வாங்குவேனா என்று அங்கத்தினர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

பாத்தியத்தின் ஆயுளையும் பார்க்கவேண்டும். டிஸ்னியின் ஓல்ட் கீ வெஸ்ட், போர்டுவாக் முதலிய பழைய விடுதிகளில் அடிப்படை உடன்படிக்கைகள் 2042 ஜனவரியுடன் முடிகின்றன. இன்று அங்கே புள்ளி சேர்ப்பவர் விலையை எஞ்சிய வருஷங்களாலேயே வகுக்கவேண்டும். முடிவே இல்லாத பத்திரமானால் கவலை வேறு விதம். கட்டணமும் முடிவின்றித் தொடரும். இன்னொரு கண்ணியும் உண்டு. மேல்படிக்குப் போகும்போது பழைய வாரத்தையோ பத்திரத்தையோ ஒப்புக்கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கும்படி சில கம்பெனிகள் கேட்கும். பழைய விடுதியில் முன்னுரிமை போகிறதா, பழைய கடன் புதிய கடனுடன் சேர்க்கப்பட்டு வட்டி ஏறுகிறதா என்று பார்க்காமல் கைச்சாத்திடலாகாது.

நம் நாட்டிலும் இவ்வியாபாரம் வேரூன்றியிருக்கிறது. 1996-ல் ஏற்பட்ட மஹிந்திரா ஹாலிடேஸ் கம்பெனியின் கிளப் மஹிந்திராவில் வருஷத்துக்கு ஏழு நாள் வீதம் 25 வருஷங்களுக்கான அங்கத்துவம் பிரசித்தமானது. அங்கே படிகளுக்குப் பதிலாகப் பருவ நிறங்களும் அறையின் அளவும் இருக்கின்றன. அவற்றை உயர்த்திக்கொள்ளப் பணம் கேட்கப்படுகிறது. பதினைந்து வருஷங்கள் கழிந்த பிறகு உயர்த்தினால் அனுபவிக்க எஞ்சுவது பத்தே வருஷங்கள் என்பதை அங்கத்தினர் மறக்கலாகாது. கணக்கு எங்கும் ஒன்றுதான்.

சட்டம் தரும் சில நாட்கள்

கைச்சாத்திட்டுவிட்டவருக்கும் வழியில்லாமற் போகவில்லை. மேல்படிக்காக வாங்குவதும் ஒரு புதிய வாங்குதலே. புளோரிடா ராஜ்யத்தின் சட்டப்படி, கையெழுத்திட்ட அல்லது கடைசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து, எது பிந்தியதோ அதிலிருந்து, பத்து நாட்களுக்குள் உடன்படிக்கையை ரத்து செய்யலாம். இவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. நெவாடாவில் ஐந்து நாட்கள். ஐரோப்பிய யூனியன் சட்டத்தில் பதினான்கு நாட்கள். அந்நாட்களில் விற்பவர் முன்பணம் வாங்குவதும் குற்றமாகும். ரத்து செய்யும் கடிதத்தைப் பத்திரத்தில் கண்ட விலாசத்துக்கு, அதில் கூறிய முறைப்படி எழுத்து மூலமாக அனுப்பி, அத்தாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும். டெலிபோனில் சொன்னது போதாது.

ஏஜெண்டு வாயால் சொன்ன வாக்குறுதிகளும் அவ்வாறே. “வாய்மொழியாகக் கூறப்பட்ட எதையும் நம்பி இதை வாங்கவில்லை” என்ற ஷரத்து இத்தகைய பத்திரங்களில் வழக்கமாகக் காணப்படுவது. கட்டணம் குறையும் என்றோ, கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ளும் என்றோ சொன்னால், அதைப் பத்திரத்திலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத மறுத்தால் விஷயம் அத்துடன் முடிந்தது.

கெடு தவறியவர்களை, “உங்களை இதிலிருந்து விடுவிக்கிறோம்” என்று சொல்லிப் பணம் பறிக்க வேறொரு கூட்டம் காத்திருக்கிறது. இத்தகைய கம்பெனிகள் சில, பெரும்பாலும் முதியவர்களிடமிருந்து, 9 கோடி டாலருக்கு மேல் பறித்ததாக அமெரிக்க பெடரல் டிரேட் கமிஷனும் விஸ்கான்ஸின் ராஜ்யமும் 2022-ல் வழக்குத் தொடர்ந்தன. வெளியேற விரும்புவோர் முதலில் தங்கள் கம்பெனியையே அணுகி, பத்திரத்தைத் திரும்ப ஒப்படைக்க ஏற்பாடு உண்டா என்று விசாரிப்பதே நலம்.

முடிவாக, மேல்படிக்கு ஏறத் தகுதியுள்ளவர் யார்? கடன் வாங்காமல் கொடுக்கக் கூடியவர். கூடுதல் இரவுகளை மெய்யாகவே தங்கிக் கழிப்பவர். அவ்விரவுகளை வெளியில் வாடகைக்கு எடுப்பதைவிடத் தமக்கு மலிவு என்று கணக்கில் கண்டவர். சலுகைகள் நாளை மாறினாலும் வருந்தாதவர். இந்நான்கும் ஒருங்கே பொருந்தியவர் தாராளமாக ஏறட்டும். மற்றவர்கள் தங்களிடமுள்ள புள்ளிகளைக் கொண்டு இவ்வருஷத்து விடுமுறையை ஆனந்தமாகக் கழித்துவிட்டு, சிற்றுண்டிக் கூட்டத்துக்குப் போகாமல் வீடு திரும்புவார்களானால், 24,000 டாலர் சம்பாதித்தவர்களாவார்கள்.